ஈரடி, மூவடி, நாலடி

பிழைப்பை நாடி வேற்று மாநிலத்தில் குடியேறும் நாம், அவ்விடத்து மொழியில் முதற்கண் கற்பது கடைவீதியில் விலை பேசுவதற்கு வேண்டிய சில சொற்களையே. அவ்வூர் மக்கள் எதைக் கண்டு நகைக்கின்றனர், எதற்குத் தலையசைக்கின்றனர் என்பதை அறியவோ ஆண்டுகள் பல கழிகின்றன. அதனை விரைவில் உணர்த்த வல்லவை அம்மக்கள் நாவில் வழங்கும் அறிவுரைப் பாடல்கள். தெலுங்கில் வேமனரும் கன்னடத்தில் சர்வக்ஞரும் அத்தகைய பாடல்களை அளித்த பெரியோர்.

வேமனர் கையாண்டது ‘ஆடவெலதி’ என்னும் நாலடிச் செய்யுள். மூன்று அடிகளில் பொருளை உரைத்து, நான்காம் அடியில் தம்மையே விளித்து முடிப்பது அவர் வழக்கம். உப்பும் கர்ப்பூரமும் கண்ணுக்கு ஒன்றே. சுவைத்தால்தான் வேறுபாடு புலனாகும். மேன்மக்களையும் அவ்வாறே பழகித்தான் அறிய வேண்டும் என்பது அவர் கருத்து. உள்ளத் தூய்மையின்றிச் செய்யும் சிவபூசையைக் கழுவாத பாண்டத்தில் ஆக்கிய சமையலுக்கு ஒப்பிட்டார். பக்தியை அவர் பழிக்கவில்லை. பக்தியின் பெயரால் நடக்கும் பாசாங்கையே சாடினார். புலவர் பலர் பொருட்படுத்தாத இப்பாடல்களைப் பாமரர் போற்றிக் காத்தனர். கடப்பையில் பணியாற்றிய சி. பி. பிரௌன் என்னும் ஆங்கிலேய அதிகாரி அவற்றைச் சுவடிகளிலிருந்து திரட்டி, 1829-ஆம் ஆண்டில் ஆங்கில மொழிபெயர்ப்புடன் பதிப்பித்தார்.

சர்வக்ஞருடையது ‘திரிபதி’ என்னும் மூவடி யாப்பு. ‘எல்லாம் அறிந்தவன்’ என்பது அவர் பெயரின் பொருள். ஆயினும் அப்பெயர் செருக்கினால் வந்ததன்று என்றும், எதிர்ப்பட்ட ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு சொல்லாகக் கற்றே தாம் கல்வி மலையானதாகவும் அவரே கூறுகின்றார். தாழ்ந்தவன் என ஊரார் ஒதுக்கியவன் இல்லத்தில் எரியும் விளக்கின் ஒளிக்கும் தாழ்வு உண்டோ என்று வினவியவரும் அவரே. அவர் பாடல்களுள் ஏறத்தாழ 2,000 பாடல்களைத் தொகுத்து 1924-இல் வெளியிட்ட உத்தங்கி சன்னப்பா, ஒரு கிறித்தவப் போதகர். சிவனடியார் ஒருவரின் வாக்கைத் திரட்ட அவருக்குச் சமயம் தடையாகவில்லை.

இவ்விருவருடன் நம் வள்ளுவரையும் வைத்து எண்ணினால், ஈரடி, மூவடி, நாலடி என ஓர் அழகிய வரிசை அமைகின்றது. யாப்பு வேறு, மொழி வேறு. வறட்டு ஆசாரத்தையும், ஈயாத செல்வத்தையும், கல்லாதவன் செருக்கையும் கண்டு மூவரும் நகைத்த நகைப்பு மட்டும் ஒன்றே.

இதனை மறந்த காலமும் உண்டு. பெங்களூரில் அல்சூர் ஏரிக்கரையில் நிறுவப்பட்ட வள்ளுவர் சிலை, எதிர்ப்பின் காரணமாக 1991 முதல் 18 ஆண்டுகள் மூடப்பட்டே நின்றது. பின்னர் இரு மாநில அரசுகளும் மனம் ஒத்து, 2009 ஆகஸ்டு 9-ஆம் நாள் அச்சிலை திறக்கப்பட்டது. நான்கே நாள் கழித்து, ஆகஸ்டு 13-இல், சென்னை அயனாவரத்தில் சர்வக்ஞர் சிலை திறக்கப்பட்டது. மாந்தரின் பேதைமையை அடிதோறும் எள்ளிய அப்புலவர்கள், தம் சிலைகளின் கதையைக் கேட்டிருப்பின் அதற்கும் ஒரு பாடல் புனைந்திருப்பர்!

சிலைகளைத் திறக்க அரசுகள் வேண்டும். பாடலைத் திறக்க அண்டை வீட்டார் போதும். அயலகத்தில் வாழும் நாம், அவ்வீட்டுப் பெரியவரிடம் ஒரு திரிபதியைக் கேட்டுப் பொருள் அறிவோம்; கைம்மாறாக ஒரு குறளைச் சொல்வோம். ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு சொல் என்பதுதானே சர்வக்ஞர் கற்ற முறை?