நான்கு புள்ளிகள்

ஸ்காட்லாந்து கால்பந்து லீக்கின் 1914–15 பருவத்தில் செல்டிக் 65 புள்ளிகளோடு முதலிடம். ஹார்ட்ஸ் 61 புள்ளிகளோடு இரண்டாமிடம். எடின்பரோவில், ஹார்ட்ஸ் மைதானம் இருக்கும் கோர்கியில் குடியிருக்கிறேன். அந்த நான்கு புள்ளிகள் எங்கே போயின என்று தெரியாமல் இந்த கிளப்பைப் புரிந்துகொள்ள முடியாது என்பது என் எண்ணம்.

1874இல் பிறந்த கிளப் இது. முழுப்பெயர் ஹார்ட் ஆஃப் மிட்லோதியன். எடின்பரோவின் பழைய சிறைச்சாலையை ஊரார் அப்படித்தான் அழைத்தார்கள். சிறை இடிக்கப்பட்ட பிறகும் வால்டர் ஸ்காட்டின் நாவலாலும் ஒரு நடனக் கூடத்தாலும் பெயர் நிலைத்தது. 1886இல் டைன்காசில் மைதானத்துக்கு வந்தார்கள். இன்றும் அதே இடம், அதே மெரூன் சட்டை.

1914 ஆகஸ்டில் போர் மூண்டது. அதே மாதம் லீக்கும் தொடங்கியது. முதல் ஆட்டத்திலேயே செல்டிக்கை 2–0 என்று வீழ்த்திய ஹார்ட்ஸ், தொடர்ந்து எட்டு ஆட்டங்களை வென்றது. ஆனால், பிள்ளைகள் போர்முனையில் சாகும்போது இவர்கள் சம்பளத்துக்குப் பந்து உதைக்கிறார்களே என்று ஊர் பேசியது. கோழை என்று இகழ வெள்ளை இறகைக் கையில் கொடுப்பது அன்றைய வழக்கம். கிளப்புக்கு ‘மிட்லோதியனின் வெள்ளை இறகுகள்’ என்று பெயர் மாற்றலாம் என ஒரு பத்திரிகைக் கடிதமே வந்தது.

நவம்பர் 25 அன்று 11 ஆட்டக்காரர்கள், சர் ஜார்ஜ் மெக்கிரே திரட்டிய படைப்பிரிவில் பெயர் கொடுத்தார்கள். மொத்தத்தில் கிளப்பிலிருந்து ராணுவத்துக்குப் போனவர்கள் 16 பேர். அவர்களைப் பார்த்து ஹார்ட்ஸ் ரசிகர்கள் நூற்றுக்கணக்கில் சேர்ந்தார்கள். பரம எதிரியான ஹிப்ஸின் ரசிகர்களும், ரெய்த் ரோவர்ஸ், ஃபால்கர்க் ஆட்டக்காரர்களும் அதே வரிசையில் நின்றார்கள்.

அதன் பிறகும் லீக் நடந்தது. இரவெல்லாம் ராணுவ அணிவகுப்பு, தடுப்பூசிக் காய்ச்சல். அந்த உடம்போடு சனிக்கிழமை ஆட்டம். நான்கு புள்ளிகள் போனது இப்படித்தான்.

அந்தப் பருவத்தில் 29 கோல் போட்ட டாம் கிரேசிக்கு ரத்தப் புற்றுநோய். மேலாளர் ஜான் மெக்கார்ட்னியிடம் மட்டும் சொல்லிவிட்டு, வெளியே காட்டிக்கொள்ளாமல் ஆடினார். 1915 அக்டோபரில் இறந்தார். அதற்குச் சில வாரம் முன்பு ஜேம்ஸ் ஸ்பீடி, லோஸ் போரில் மாண்டிருந்தார். 1916 ஜூலை 1, சொம் போரின் முதல் நாள். ஹாரி வாட்டி, டங்கன் கரி, எர்னி எல்லிஸ் மூவரும் அன்று ஒரே நாளில் போனார்கள். வாட்டியின் உடல் கிடைக்கவேயில்லை. அடுத்த மாதம் ஜிம்மி பாய்ட், 1917இல் ஜான் ஆலன். ஆக, ஏழு பேர்.

ஹார்ட்ஸ் ஆட்டக்காரர் பாடி கிராசன் பிழைத்தார். குண்டடி பட்ட அவருடைய காலை வெட்டி எடுக்க இருந்தார்கள். ‘நான் பந்து விளையாடுகிறவன், கால் வேண்டும்’ என்று கெஞ்சினார். அதைக் காப்பாற்றியவர், கைதியாகப் பிடிபட்டிருந்த ஒரு ஜெர்மன் மருத்துவர். கிராசன் அதே காலோடு டைன்காசிலுக்குத் திரும்பி ஆடினார்.

1922இல் எடின்பரோவின் ஹேமார்க்கெட் சந்திப்பில், மாண்டவர்களுக்காகக் கடிகாரத்தோடு நினைவுத் தூண் எழுந்தது. நவம்பர்தோறும் ரசிகர்கள் அங்கே கூடி மலர்வளையம் வைக்கிறார்கள். பிரான்ஸில், அந்தப் படைப்பிரிவு போரிட்ட கோந்தால்மெசோன் கிராமத்தில், 2004இல் ஒரு கல்மேடும் கட்டப்பட்டது.

2013இல் ஹார்ட்ஸ் கடனில் மூழ்கி, மூடும் நிலைக்கு வந்தது. ரசிகர்கள் மாதச் சந்தா கட்டத் தொடங்கினார்கள். ஆன் பட்ஜ் என்ற தொழிலதிபர் 2014இல் கிளப்பை வாங்கிக் காத்து நின்றார். 2021இல் பெரும்பான்மைப் பங்கு ரசிகர்களின் அமைப்புக்கே வந்து சேர்ந்தது. அந்தச் சந்தாவை நானும் கட்டுகிறேன். கோப்பைக்காக அல்ல, அந்த 16 பேர் ஆடிய கிளப் யாரோ ஒருவருடைய கடனுக்காக ஏலத்துக்குப் போகக் கூடாது என்பதற்காக.