பெருக்கும் வேலை யாருடையது?

எங்கள் அலுவலகத்தில் கூட்டிப் பெருக்க ஓர் அம்மா இருந்தார். நிரந்தர ஊழியர். அவர் ஓய்வு பெற்ற மாதம், "இந்தக் காலியிடத்தை நிரப்பத் தேவையில்லை, பணியை ஒப்பந்த முறையில் விடலாம்" என்று ஃபைலில் குறிப்பு எழுதியவன் நான்தான். மேலே இருந்தவர்கள் எழுதச் சொன்னார்கள், எழுதினேன். அடுத்த மாதமே கான்ட்ராக்டர் அனுப்பிய பெண் ஒருத்தி துடைப்பத்தோடு வந்து நின்றாள். அதே வராந்தா, அதே தூசி. ஒருநாள் என் மேசையைத் துடைத்துக்கொண்டே, "சார், ரொம்ப வருஷம் செஞ்சா எங்களையும் எடுத்துக்குவாங்களா?" என்று கேட்டாள். "பார்க்கலாம்மா" என்றேன். சட்டம் என்ன சொல்கிறது என்று அப்போது எனக்குத் தெரியாது. ஓய்வு பெற்ற பிறகுதான் உட்கார்ந்து படித்தேன்.

அரசு வேலையை வெளியாளிடம் விடுவது புதிதல்ல. நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழிப் பள்ளியில். அரசே நேரடியாக நடத்தினால் 'ரெழி', குத்தகைக்கு விட்டால் 'ஃபெர்ம்' என்று சொல்லிக்கொடுத்தார்கள். பிரான்சில் மன்னராட்சிக் காலத்தில் உப்பு வரி, புகையிலை வரி முதலியவற்றை வசூலிக்கும் வேலையே குத்தகையில்தான் இருந்தது. அந்தக் குத்தகைக்காரர்களில் 28 பேருக்கு 1794 மே 8 அன்று தலை போயிற்று. அவர்களில் ஒருவர் வேதியியல் மேதை லவாய்சியர். சின்ன வயதில் அவர் ஆக்சிஜனுக்காகச் செத்தார் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்!

நம் நாட்டுக்கு வருவோம். 1960இல், மும்பையில் இருந்த ஓர் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் துப்புரவு வேலை உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்த வேலை ஆலைக்குத் தேவையானதா? ஆண்டு முழுக்க நடப்பதா? இதுபோன்ற இடங்களில் வழக்கமாக நிரந்தர ஆட்கள் செய்வதா? முழுநேர ஆட்களை வைக்கும் அளவுக்கு வேலை இருக்கிறதா? இந்தக் கேள்விகளை வைத்துப் பார்த்து, ஒப்பந்த முறையை ஒழித்தது சரிதான் என்றது நீதிமன்றம். 1970இல் வந்து 2025 வரை நடப்பில் இருந்த ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் 10ஆம் பிரிவில் ஏறக்குறைய இதே கேள்விகள் இருந்தன. ஆனால் தடை தானாக வந்துவிடவில்லை. அரசு அறிவிக்கை போட வேண்டியிருந்தது. 20 பேருக்குக் குறைவான இடங்களுக்குச் சட்டமே பொருந்தவில்லை. எங்களுக்கு வந்தவர்கள் நாலே பேர்.

1976 டிசம்பர் 9 அன்று மத்திய அரசு அப்படி ஓர் அறிவிக்கை போட்டது. மத்திய அரசின் பொறுப்பில் வரும் நிறுவனங்களின் கட்டடங்களில் பெருக்குதல், சுத்தம் செய்தல், தூசி தட்டுதல், காவல் காத்தல் ஆகிய வேலைகளுக்கு ஒப்பந்தத் தொழிலாளர் கூடாது என்றது. எவ்வளவு எளிய வேலைகள் பாருங்கள். அரசாங்கம் ஒருகாலத்தில் இவற்றைத் தன் சொந்த வேலை என்று நினைத்திருக்கிறது.

தடை போட்டால் அங்கே இருந்த ஆட்கள் என்ன ஆவார்கள் என்பதைச் சட்டம் சொல்லவில்லை. 1996இல் ஏர் இந்தியா வழக்கில், அவர்களை நிறுவனமே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பு ஐந்து வருடம்கூட நிலைக்கவில்லை. 2001 ஆகஸ்டு 30 அன்று, இந்திய உருக்கு ஆணைய வழக்கில் ஐந்து நீதிபதிகள் அதைத் தள்ளினார்கள். தானாக நிரந்தரம் என்பது சட்டத்தில் இல்லை என்றார்கள். ஒவ்வொரு நிறுவனத்தையும் தனித்தனியே ஆராயாமல் பொதுவாகப் போட்டது என்று 1976 அறிவிக்கையையும் ரத்து செய்தார்கள். ஒப்பந்தம் வெறும் கண்துடைப்பு என்று நிரூபித்தால் மட்டும் வழி உண்டு. நிரூபிக்க வேண்டியது துடைப்பம் பிடித்தவள்.

பிறகு 2005இல் மத்திய அரசின் பொது நிதி விதிகளில், சிக்கனத்துக்காகவும் திறமைக்காகவும் சில பணிகளை வெளியே விடலாம் என்று தனியாகவே எழுதிவைத்தார்கள். 2006இல் உமாதேவி வழக்கின் தீர்ப்பு, முறையான தேர்வு இல்லாமல் உள்ளே வந்தவர்களை நிரந்தரமாக்கக் கூடாது என்றது. போட்டித் தேர்வு எழுதிக் காத்திருக்கும் பிள்ளைகளை நினைத்தால் அதிலும் நியாயம் இருக்கிறது; மறுக்க மாட்டேன். ஆனால் அந்தத் தீர்ப்பைக் காட்டியே ஏழை ஊழியர்களை அலுவலகங்கள் வெளியே தள்ளின. 2024 டிசம்பர் 20 அன்று, ஜக்கோ என்பவர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றமே இதைக் கண்டித்தது. மத்திய நீர் ஆணையத்தில் பல வருடம் துப்புரவும் தோட்ட வேலையும் செய்தவர்களை 2018இல் நிறுத்திவிட்டு, வேலையை வெளியே விட்டிருந்தார்கள். அவர்களை நிரந்தரமாக்கச் சொல்லி உத்தரவாயிற்று.

அந்தப் பெண்ணுக்கு நல்ல செய்தி என்று நினைத்தேன். பிறகு 2020ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பைப் புரட்டினேன். நிறுவனத்தின் முக்கியப் பணிகளில் ஒப்பந்தத் தொழிலாளர் கூடாது என்கிறது அது. எவையெல்லாம் முக்கியப் பணி அல்ல என்று ஒரு பட்டியலும் இருக்கிறது. அதில் முதலில் வருவது பெருக்குதல், சுத்தம் செய்தல், தூசி தட்டுதல். அடுத்தது காவல்.