ஒரு நா, இரு சாட்சியங்கள்

அமெரிக்காவில் அடிமைமுறை 1865ஆம் ஆண்டில் அரசமைப்புத் திருத்தத்தால் ஒழிக்கப்பட்டது. அதனை நேரில் அனுபவித்தோர் முதுமையுற்றிருந்த வேளையில், 1936 முதல் 1938 வரை, கூட்டரசு எழுத்தாளர் திட்டத்தினர் 17 மாநிலங்களில் அவர்களை நாடிச்சென்று நினைவுகளைப் பதிவு செய்தனர். 2,300க்கும் மேற்பட்ட அவ்வாக்குமூலங்களும் ஏறத்தாழ 500 நிழற்படங்களும் இன்று அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் இணையத்தளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. வகுப்பறையில் அமர்ந்தபடியே மூலச்சான்றைப் படிக்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியுள்ளது.

ஆயினும், மூலச்சான்று என்பதனாலேயே அதனை அப்படியே ஏற்றல் தகுமா? தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில் வாழ்ந்த சூசன் ஹாம்லின் என்னும் மூதாட்டியை 1937இல் இருவர் தனித்தனியே கண்டு உரையாடினர். வெள்ளையினப் பெண்மணியிடம் அவர் தம் எசமானரை நல்லவர் என்றே பேசினார். வந்தவரை நலத்துறை அலுவலர் என்றும் கருதியிருந்தார். கறுப்பினத்தவரான மற்றவரிடமோ, கசையடிகளையும் விற்பனையால் பிரிக்கப்பட்ட குடும்பங்களின் துயரத்தையும் எடுத்துரைத்தார்.

இவற்றுள் ஒன்றைப் பொய்யென ஒதுக்குதல் எளிது. ஆனால், அது வரலாற்று ஆய்வாகாது. இனப் பாகுபாட்டுச் சட்டங்கள் நிலவிய, வறுமை மிகுந்த காலம் அது. வெள்ளையர்முன் எதைச் சொல்லலாம், எதை விழுங்கவேண்டும் என்பதைக் கறுப்பின முதியோர் நன்கறிவர். பதிவு செய்தோருள் பெரும்பாலோர் வெள்ளையரே என்பதையும் நாம் மறத்தலாகாது. சொல்லப்படாததும் ஒரு சான்றே.

ஆகவே, இவ்வாக்குமூலங்களை மாணவர்க்கு அளிக்குங்கால், “என்ன கூறினார்?” என்பதோடு, “யாரிடம், எந்நிலையில் கூறினார்?” என்றும் வினவ அவர்களைப் பழக்குவோம். அவ்வினாவே ஆவணத்தை வரலாறாக்கும்.