மரத்தடிச் சாப்பாடு

கிரிக்கெட் சரித்திரம் எழுதுகிறவர்கள் ரன்களையும் விக்கெட்டுகளையும் எண்ணி எழுதுகிறார்கள். அது நியாயமான முறைதான். ஆனால் சென்னைக் கிரிக்கெட்டின் கதையை மத்தியானச் சாப்பாட்டிலிருந்து தொடங்குவதே பொருத்தம் என்று எனக்குத் தோன்றுகிறது. யார் எங்கே உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்று கேட்டுக்கொண்டே போனால், இந்த ஊரில் ஞாயிறுதோறும் நடக்கிற லீக் ஆட்டங்கள் எப்படி வந்தன என்பது ஒருவாறு விளங்கிவிடும். விளங்காமல் போகிற ஒரு விஷயமும் உண்டு. அதைக் கடைசியில் சொல்லுகிறேன்.

சென்னையில் வெள்ளைக்காரர்கள் தங்களுக்கென்று மதராஸ் கிரிக்கெட் கிளப்பை ஏற்படுத்திக்கொண்டது 1846இல். தீவுத் திடலில் ஆடிக்கொண்டிருந்தவர்கள் 1865இல் சேப்பாக்கத்துக்கு வந்தார்கள். இன்றைக்கும் டெஸ்ட் ஆட்டம் நடக்கிற அதே சேப்பாக்கந்தான். ஒரு கட்டடமும் எழும்பிற்று. அதற்குப் பெவிலியன் என்று பெயர். நம்மவர்களும் எப்போதாவது அங்கே ஆடப் போனதுண்டு. மைதானத்தில் பந்து எல்லோருக்கும் ஒன்றுதான். உணவு வேளை வந்ததும், வெள்ளைக்காரர்கள் படியேறிப் பெவிலியனுக்குள் போய்விடுவார்கள். நம்மவர்கள் மரத்தடிக்குப் போக வேண்டும். காலையெல்லாம் ஒருவருக்கொருவர் 'நன்றாக ஆடினீர்' என்று சொல்லிக்கொண்டவர்கள், இலை போடும் நேரத்தில் இரண்டு ஜாதியாகப் பிரிந்துவிடுவார்கள்.

இதைப் பார்த்து மனம் பொறுக்காதவர் புச்சிபாபு நாயுடு. முழுப் பெயர் மோத்தவரப்பு வெங்கடமகிபதி நாயுடு. மயிலாப்பூர் லஸ்ஸில் பெரிய மாளிகையில் வளர்ந்தவர். அவரை வளர்த்த பாட்டனார் பாரி கம்பெனியின் துபாஷி. துபாஷி என்றால் வெள்ளைக்காரக் கம்பெனிக்கும் உள்ளூர் வியாபாரிகளுக்கும் நடுவே நின்று காரியம் பார்க்கிறவர். ஆக, புச்சிபாபுவுக்குப் பணத்துக்கும் குறைவில்லை, துரைமார்களின் பழக்கத்துக்கும் குறைவில்லை. அப்படிப்பட்டவரே மரத்தடியில்தான் சாப்பிட வேண்டும் என்றால்!

சண்டை போடக்கூடிய இடம் அது அல்ல. மனு எழுதிப் பார்த்திருக்கலாம். அவர் வேறு காரியம் செய்தார். 1888இல், இருபது வயதில், மதராஸ் யுனைடெட் கிளப் என்று இந்தியர்களுக்கு ஒரு சங்கத்தை ஆரம்பித்தார். கோட்டைக்கு அருகே எஸ்பிளனேடில் மைதானம். மட்டையும் காலுறையும் வாங்க முடியாத இளைஞர்களுக்குத் தம் சொந்தச் செலவிலேயே சாமான்கள் வாங்கிக் கொடுத்தார். நம்முடைய பெவிலியனை நாமே கட்டிக்கொள்ளுவோம் என்பதுதான் அவர் கொடுத்த பதில். அவமானத்துக்கு எத்தனையோ விதமான பதில்கள் உண்டு. கிளப் ஆரம்பிப்பது அவற்றில் மிகவும் மரியாதையானது.

அதோடு அவர் நிற்கவில்லை. தனியாகப் பிரிந்து ஆடிக்கொண்டிருந்தால் போதாது, வெள்ளைக்காரர்களைச் சமமான அணியாக நின்று எதிர்த்து ஆட வேண்டும் என்று ஆசைப்பட்டார். அவர் பிரயத்தனத்தால் 1908இல் ஐரோப்பியர்களுக்கும் இந்தியர்களுக்கும் ராஜதானி ஆட்டம் ஏற்பாடாயிற்று. ஆட்டத்தைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. அதற்குச் சற்று முன்னால் காலமாகிவிட்டார். அப்போது அவருக்கு வயது 40. 1915இலிருந்து அந்த ஆட்டம் பொங்கலை ஒட்டி வருஷந்தோறும் நடக்கலாயிற்று. கரும்பு, மஞ்சளோடு கிரிக்கெட்டும் சென்னைப் பொங்கலில் சேர்ந்துகொண்டது. 1952ஆம் வருஷத்தோடு அது நின்றது. எதிர்த்து ஆட வெள்ளைக்காரர்கள் ஊரில் இல்லாமற் போன பிறகு வேறு என்ன செய்வது?

புச்சிபாபு போட்ட விதையிலிருந்து முளைத்தவை எத்தனையோ சங்கங்கள். மயிலாப்பூருக்கு ஒன்று, திருவல்லிக்கேணிக்கு ஒன்று, எழும்பூருக்கு ஒன்று என்று பேட்டைக்குப் பேட்டை கிளப்புகள் தோன்றின. 1930களில் லீக் பந்தயம் முறையாக நடக்க ஆரம்பித்தது. முதல் டிவிஷனில் ஜெயிக்கிறவர்களுக்குப் பாளையம்பட்டி ராஜா கேடயம். அதற்குக் கீழே டிவிஷன்கள் படிப்படியாக இறங்கிக்கொண்டே போகும். மேல்படியில் இருப்பவன் தோற்றால் இறங்க வேண்டும். கீழ்ப்படியில் இருப்பவன் ஜெயித்தால் ஏறலாம். ஜாதகமும் சிபாரிசும் இல்லாமல் ஏறக்கூடிய படிக்கட்டு நம் ஊரில் அபூர்வம் அல்லவா?

லீக் ஆட்டம் என்றால் பத்திரிகையில் படம் வருகிற ஆட்டமல்ல. குமாஸ்தாவும் வக்கீலும் வாத்தியாரும் கல்லூரி மாணவனும் ஞாயிற்றுக்கிழமையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து ஆடுகிற ஆட்டம். சனிக்கிழமை வரையில் 'சார்' என்று அழைத்த மேலதிகாரியை ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்டம்பு பறக்க அவுட்டாக்கிவிட்டு, திங்கட்கிழமை லீவு கேட்கத் தயங்குகிற உத்தியோகஸ்தர்கள் உண்டு. பதினொரு பேரைச் சேர்ப்பது செயலாளரின் தலைவலி. ஒருவருக்குப் பெண் பார்க்கப் போக வேண்டியிருக்கும். இன்னொருவருக்கு மாமனார் ஊரிலிருந்து வந்திருப்பார். கல்யாண முகூர்த்த நாட்களில் செயலாளர் படுகிற பாட்டைச் சொல்லி முடியாது.

அந்த நாட்களில் ஆடிய தளம் பெரும்பாலும் பாய். நாம் படுக்கிற கோரைப்பாய் அல்ல. தென்னை நாரில் நெய்த கனத்த பாய். அடியில் மண்ணுக்குத் தண்ணீர் விட்டு, உருளை போட்டுச் சமமாக்கி, அதன் மேல் பாயை விரித்து, சுற்றிலும் ஆணி அடித்து இழுத்துக் கட்ட வேண்டும். விறைப்பாகக் கட்டினால் பந்து சீராக எழும்பும். கொஞ்சம் தளர்ந்திருந்தால் சுழல் பந்து போடுகிறவனுக்கு நல்ல வேட்டை. இந்தச் சூட்சுமங்களெல்லாம் தெரிந்தவர் மைதானத்தைப் பார்த்துக்கொள்ளுகிற ஆள். சென்னையில் அவரை மார்க்கர் என்பார்கள்.

இந்தப் பாயிலிருந்து புறப்பட்டுப் பெரிய இடங்களுக்குப் போனவர்கள் உண்டு. செங்கற்பட்டு ஜில்லாவில் மொரப்பாக்கம் என்ற கிராமத்தில் பிறந்து, திருவல்லிக்கேணியில் வளர்ந்த எம்.ஜே.கோபாலன் அவர்களில் ஒருவர். அவருடைய திறமையைக் கண்டு அவருக்கு பர்மா ஷெல் கம்பெனியில் வேலைக்கு வழி செய்தவர் ஜான்ஸ்டன் என்கிற வெள்ளைக்காரர். மரத்தடியையும் பெவிலியனையும் பிரித்து வைத்த அதே கூட்டத்தில் இப்படியும் ஒரு மனிதர் இருந்தார் என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. 1934ஆம் வருஷம் நவம்பர் 4ஆம் தேதி சேப்பாக்கத்தில் ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் நடந்தது. மதராஸ் அணிக்குத் தலைவர் ஜான்ஸ்டன். முதல் பந்தைப் போட்டவர் கோபாலன். மைசூர் 48 ரன்னிலும் 59 ரன்னிலும் சுருண்டது. ஏ.ஜி.ராம்சிங் 11 விக்கெட்டுகளைச் சாய்த்தார். ஒரே நாளில் ஆட்டம் முடிந்துவிட்டது. 1888இல் சேர்ந்து உட்காரக் கூடாதவர்கள் 46 வருஷம் கழித்து ஒரே அணியில் ஆடினார்கள். கோபாலன் ஹாக்கியிலும் நாட்டுக்காக ஆடியவர். 1936இல் பெர்லின் ஒலிம்பிக்குக்குப் போவதா, கிரிக்கெட் அணியுடன் இங்கிலாந்துக்குப் போவதா என்ற நிலை வந்தபோது கிரிக்கெட்டைத் தேர்ந்தார். ஹாக்கி அணி தங்கப் பதக்கத்துடன் திரும்பிற்று; இவருக்கோ இங்கிலாந்தில் ஒரு டெஸ்ட் கூடக் கிடைக்கவில்லை. புச்சிபாபுவின் மகன் சி.ராமசுவாமி அதே பயணத்தில்தான், நாற்பது வயதில், தம் முதல் டெஸ்டை ஆடி 40, 60 என்று ரன் எடுத்தார். தகப்பனார் கிளப் ஆரம்பித்தது வீண் போகவில்லை.

பிறகு கம்பெனிகள் வந்தன. நன்றாக ஆடுகிறவனுக்கு உத்தியோகம் கொடுத்துத் தங்கள் அணியில் வைத்துக்கொள்ளுகிற வழக்கம் பரவிற்று. ஜாலி ரோவர்ஸ் கிளப்பை 1966இலிருந்து சன்மார் நிறுவனத்தார் ஆதரித்து வந்ததை ஊரறியும். பாங்குகளுக்கும் அணிகள் ஏற்பட்டன. சுழற்பந்து போடத் தெரிந்ததால் குடும்பம் பிழைத்த வீடுகள் இந்த ஊரில் எத்தனையோ.

இவ்வளவு தூரம் சொன்ன பிறகு, சென்னை லீக் என்பது மரத்தடியிலிருந்து எல்லோரும் எழுந்து பெவிலியனுக்குள் போன கதை என்று முடித்துவிடலாம். நானும் பல வருஷங்கள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு ஆட வராது. ஆனால் கணக்குப் பிள்ளை உத்தியோகம் பார்த்திருக்கிறேன். 1990களில், 16 வயதில், கீழ் டிவிஷன் ஒன்றில் ஆடிய ஒரு கிளப்புக்கு ஸ்கோர் எழுதினேன். சம்பளம் மத்தியானச் சாப்பாடு: ஒரு பொட்டலம் சாம்பார் சாதம், ஒரு பொட்டலம் தயிர் சாதம், வாழைப்பழம். கொட்டகையின் கீழே பெஞ்சியில் இரு கட்சி ஆட்டக்காரர்களோடும் அம்பயர்களோடும் சரிசமமாக உட்கார்ந்து சாப்பிடுவேன். எங்கள் மார்க்கருக்கும் ஒரு பொட்டலம் உண்டு. அவர் அதை வாங்கிக்கொண்டு மைதானத்தின் ஓரத்தில் ஒரு தூங்குமூஞ்சி மரத்தடிக்குப் போய்விடுவார். போகச் சொன்னவர்கள் யாரும் இல்லை. வந்து உட்காரச் சொன்னவர்களும் இல்லை. எங்களில் பலருடைய தகப்பனார் வயது அவருக்கு. இருந்தும் அவரை 'வா, போ' என்றுதான் எல்லோரும் அழைத்தோம். அவர் எங்களைத் 'தம்பி' என்றார்.

வலைப் பயிற்சியில் அவர்தான் பந்து போடுவார். இடது கை. பாயில் எந்த இடத்தில் மேடு, எந்த இடத்தில் பள்ளம் என்று விரித்தவருக்குத் தெரியாதா? எங்கள் காப்டன் அவரிடம் அவுட்டாகாத சாயங்காலம் கிடையாது. அவர் கையில் மட்டையை மட்டும் ஒருநாளும் யாரும் கொடுத்ததில்லை.

லீக்கில் ஆட வேண்டுமானால் வருஷ ஆரம்பத்திலேயே பெயரைப் பதிவு செய்திருக்க வேண்டும். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று படிவத்தை நிரப்பும் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். செயலாளர் சொல்லச் சொல்ல எழுதினேன். கடைசியில் இரண்டு வரி காலியாக இருந்தது. வெளியூரில் வேலையாயிருந்த தம் மருமான் பெயரையும், ஆடுவதையே விட்டுவிட்ட ஒருவர் பெயரையும் செயலாளர் சொன்னார். "வரியைக் காலியாக விடக் கூடாது, தம்பி" என்றார். எழுதினேன்.

அந்த வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குப் பத்துப் பேர்தான் சேர்ந்தார்கள். முகூர்த்த நாள். காப்டன் மரத்தடிப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். "பதிவு இல்லை" என்றார் செயலாளர். சட்டப்படி அது சரிதான். பத்துப் பேரோடு ஆடி 11 ரன்னில் தோற்றோம். தோற்றதற்குப் பந்து வீச ஆளில்லாததுதான் காரணம் என்று சாயங்காலம் எல்லோரும் ஏகமனதாகச் சொன்னார்கள். பாயைச் சுருட்டிக்கொண்டே அவரும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பல வருஷங்களுக்குப் பிறகு பல்வங்கர் பாலுவின் சரித்திரத்தைப் படித்தேன். தாழ்த்தப்பட்ட சமூகத்தில் பிறந்தவர். புனாவில் வெள்ளைக்காரர்களின் கிளப்பில் தளத்தை உருட்டிக் கோடு போடும் வேலை பார்த்தார். துரைமார்கள் பயிற்சிக்கு அவரைப் பந்து போடச் சொல்லுவார்கள். மட்டை கொடுக்க மாட்டார்கள். பிற்பாடு ஹிந்துக்களின் அணியில் அவரைச் சேர்த்தார்கள். சேர்த்தவர்களே இடைவேளையில் அவரைப் பெவிலியனுக்கு வெளியே நிறுத்தி, மண் குவளையில் டீ கொடுத்தார்கள். 1911இல் இங்கிலாந்துக்குப் போய் 114 விக்கெட்டுகள் எடுத்த மனிதர் அவர்.

படித்துவிட்டு, 'என்ன அநியாயம்!' என்று எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடு புத்தகத்தை மூடி வைத்த பிறகுதான் தூங்குமூஞ்சி மரம் ஞாபகத்துக்கு வந்தது. 1888இல் நம்மவர்களை மரத்தடிக்கு அனுப்பினார்கள் என்று நூறு வருஷமாகச் சொல்லி வருகிறோம். ஆனால் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஒரு மரம் இருந்தது. அந்த மரத்தடியில் ஒரு மனிதர் இருந்தார். பதிவுப் படிவத்தில் இரண்டு வரி காலியாகவும் இருந்தது. பேனா என் கையில் இருந்தது. அவர் பெயரைச் சொல்லலாமே என்று அன்றைக்கு எனக்குத் தோன்றக்கூட இல்லை. செயலாளர் மறுத்திருந்தால் அது வேறு விஷயம். நான் கேட்கவே இல்லையே!

கிளப் கலைந்துபோன போது அந்த ஸ்கோர் புத்தகம் என்னிடமே தங்கிவிட்டது. அந்த ஆட்டத்தின் பக்கத்தை இன்றும் எடுத்துப் பார்க்கிறேன். பத்துப் பெயர்கள் என் அழகான கையெழுத்தில் இருக்கின்றன. பதினோராவது வரியில் 'வரவில்லை' என்று எழுதியிருக்கிறேன்.

அது பொய். வந்திருந்தார். காலை ஆறு மணிக்கே, எங்கள் எல்லோருக்கும் முன்னால், பாய் விரிக்க வந்திருந்தார்.