தேசிய நினைவுத் தருவனம்

இங்கிலாந்தில் ஸ்டாஃபோர்ட்ஷயர் மாவட்டத்தைச் சேர்ந்த ஆல்ரூவஸ் கிராமத்துக்கருகே, ட்ரென்ட், டேம் என்னும் இரு நதிகளின் சங்கமத்தை ஒட்டி, சுமார் 150 ஏக்கர் விஸ்தீரணத்தில் அமைந்த ஞாபகார்த்த வனம். யுத்தத்திலும் பொதுச்சேவையிலும் உயிர்நீத்தோரின் பொருட்டு ஏற்பட்டதாயினும் இது மயானமன்று. கல்லறை காண வருவோர் இங்கே மரங்களையே காண்பர்.

பிரிட்டிஷ் கடற்படைக் கமாண்டர் டேவிட் சைல்ட்ஸ் 1988-ல் வாஷிங்டன் சென்றிருந்தபோது, ஆர்லிங்டன் கல்லறைத் தோட்டத்தையும் அந்நகரின் தேசிய மரப்பூங்காவையும் பார்த்து, இவ்விரண்டின் நோக்கங்களும் ஓரிடத்தில் கூடினால் என்ன என்று எண்ணியதே இதன் வித்து. சரளைக்கல் தோண்டியெடுக்கப்பட்டுப் பாழ்பட்டுக் கிடந்த நிலம் இதற்குக் கிடைத்தது. 1997-ல் மரக்கன்றுகள் நடப்பட்டு, 2001 மே மாதத்தில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட இவ்வனம், 2003 முதல் ராயல் பிரிட்டிஷ் லீஜன் என்னும் முன்னாள் படைவீரர் ஸ்தாபனத்தின் பரிபாலனத்தில் இருந்து வருகிறது.

இரண்டாம் உலக யுத்தத்தில் மூழ்கிய பிரிட்டிஷ் வர்த்தகக் கப்பல் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஓக் மரமாக 2,535 மரங்கள் இங்கே நிற்கின்றன. காவல்துறையினரின் நினைவாக வைத்த சாலையில் குதிரைச் செஸ்ட்நட் மரங்களையே நட்டார்கள். முற்காலப் போலீஸ்காரரின் குண்டாந்தடி அம்மரத்தில் கடைந்ததாம். பின்னாளில் கல்லும் வெண்கலமும் மிகுந்து, 2007-ல் எலிசபெத் ராணியார் முன்னிலையில் அர்ப்பணிக்கப்பட்ட ஆயுதப்படை நினைவுச்சின்னத்தின் போர்ட்லண்டுக் கற்சுவர்களில் 16,000-க்கு மேற்பட்ட பெயர்கள் பொறிக்கப்பட்டன. அதன் கம்பீரத்தை மறுப்பதற்கில்லை. எனினும் ஸ்தாபகரின் மூலக் கருத்து மரங்களிடத்திலேதான் தெளிவாய் விளங்குகிறது.

வனத்தின் கிழக்கோரத்தில், சூரியோதயத்தின் முதற்கிரணம் படுமிடத்தில், முதல் உலக யுத்தத்தின்போது ஓடிப்போனமை, கோழைத்தனம் முதலிய குற்றங்களுக்காகத் தம் படையினராலேயே சுட்டுக் கொல்லப்பட்டோருக்கு 300-க்கு மேற்பட்ட மரக்கம்பங்கள் அரைவட்டமாய் நாட்டப்பட்டுள்ளன. அவற்றின் முன்னே, கண்ணும் கையும் கட்டுண்டு நிற்கும் சிலைக்கு ஆதாரம், வயதை மறைத்துப் படையிற் சேர்ந்து பதினேழாம் பிராயத்தில் மரண தண்டனை பெற்ற ஹெர்பர்ட் பர்டன். அரசாங்கம் இவர்களுக்கு மன்னிப்பளித்தது 2006-ல். நினைவுச்சின்னமோ 2001-லேயே நிறுவப்பட்டுவிட்டது. அரசு தயங்கிய காரியத்தை இவ்வனம் ஐந்தாண்டு முன்னதாகவே செய்ததென்பது இதன் சரித்திரத்தில் விசேஷமாய்க் குறிக்கத்தக்கது.

தமிழர் கவனத்துக்குரியது, கீழ்த்திசைப் போர்க் கைதிகளுக்காக 2005-ல் திறக்கப்பட்ட நினைவுக் கட்டடமும், அதனருகே பெயர்த்துக் கொணர்ந்து பதித்த சயாம்–பர்மா ரயில்பாதையின் துண்டும் ஆகும். 1942-43-ல் ஜப்பானியர் போடுவித்த அப்பாதையில் மாண்ட நேச நாட்டுக் கைதிகள் 12,000-க்கு மேற்பட்டோர். ஆசியத் தொழிலாளிகளோ அதனினும் பன்மடங்கினர். மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர் அவர்களுள் மிகப் பலர். எனவே இத்தண்டவாளங்கள் ஆங்கிலேயரின் துயரத்துக்கு மட்டும் சாட்சியல்ல.