ஆடை துறந்தவர்களும் மூன்றாண்டுச் சிறையும்



2015ஆம் ஆண்டு ஜூன் மாதம் சபாவில் நடந்த ஒரு வழக்கு நம்மில் பலருக்கு நினைவிருக்கும். கினபாலு மலைமீது ஆடை களைந்து படம் எடுத்துக்கொண்ட நான்கு வெளிநாட்டுப் பயணிகளுக்குக் கோத்தா கினபாலு நீதிமன்றம் மூன்று நாள் சிறையும் ஆளுக்கு 5,000 வெள்ளி அபராதமும் விதித்தது. அவர்கள் மலையேறிய சில நாள்களில் நிலநடுக்கம் ஏற்பட்டு 18 பேர் மாண்டிருந்தனர். அம்மலையை முன்னோர் ஆவிகள் உறையும் இடமாகப் போற்றும் கடசான்டூசுன் மக்கள் கொதித்துப் போயிருந்தார்கள். ஆயினும் பொது இடத்தில் ஆபாசமாக நடந்துகொண்டார்கள் என்ற குற்றத்தை மட்டுமே நீதிமன்றம் விசாரித்தது. நிலநடுக்கத்தை அவர்கள் தலையில் கட்டவில்லை.

பொது இடத்தில் ஆடையின்றித் தோன்றுவதைப் பல நாட்டுச் சட்டங்கள் தடுக்கின்றன. அதில் வியப்பில்லை. அப்படித் தோன்றியவரைக் காவல் துறையினர் எப்படி நடத்த வேண்டும், எவ்வளவு தண்டனை தகும் என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. இக்கேள்விக்கு ஒரு நாடு அரை நூற்றாண்டுக்கு மேலாக விடை தேடிய வரலாற்றை இன்று நாம் பார்ப்போம். அந்நாடு கனடா.

ரஷ்யாவில் டுக்கோபோர் என்று ஒரு கிறிஸ்துவப் பிரிவினர் இருந்தனர். பரிசுத்த ஆவியை எதிர்த்து மல்லுக்கு நிற்போர் என்று பாதிரிமார்கள் ஏளனமாக வைத்த பெயர் அது. அவர்களோ, ஆவியின் துணையோடு போராடுவோர் என்று அதற்குப் பொருள் கூறி, அப்பெயரைத் தமதாக்கிக் கொண்டார்கள். கொல்லாமை அவர்களுடைய கொள்கை. 1895ஆம் ஆண்டு தங்களிடமிருந்த துப்பாக்கிகளையும் வாள்களையும் குவித்துத் தீயிட்டார்கள். ஜார் அரசு அவர்களை அடித்தது. ஊர்விட்டு ஊர் துரத்தியது. எழுத்தாளர் டால்ஸ்டாய் அவர்களுக்காகக் குரல் கொடுத்ததோடு, ‘புத்துயிர்ப்பு’ நாவலின் வருவாயையும் அவர்களுக்கு அளித்தார். 1899ஆம் ஆண்டு ஏறத்தாழ 7,500 பேர் கனடாவுக்குக் கப்பலேறினர்.

புதிய நாட்டிலும் நிம்மதி கிட்டவில்லை. நிலம் சொந்தமாக வேண்டுமானால் மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய வேண்டும் என்றது அரசு. கடவுளைத் தவிர வேறு எவருக்கும் பிரமாணம் செய்யோம் என்றனர் அவர்கள். 1907ஆம் ஆண்டில் பெரும்பகுதி நிலம் பறிபோயிற்று. அடுத்த ஆண்டு முதல் பல்லாயிரம் பேர் மேற்கே பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தார்கள்.

இவர்களுக்குள் ஒரு சிறு கூட்டத்தார் மற்றவர்களைவிடத் தீவிரமாக இருந்தனர். பின்னாளில் ‘சுதந்திரத்தின் புதல்வர்கள்’ என்று அழைக்கப்பட்டவர்கள் இவர்களே. ஆதாமும் ஏவாளும் வாழ்ந்த குற்றமற்ற நிலைக்குத் திரும்ப வேண்டும், உலகப் பற்றை உதற வேண்டும் என்று சொல்லி, 1903ஆம் ஆண்டு இவர்கள் ஆடையின்றி ஊர்வலம் சென்றனர். டுக்கோபோர் மக்களில் பெரும்பாலோர் இதை ஏற்கவில்லை என்பதை நாம் மறக்கக் கூடாது.

அன்று காவலர்கள் என்ன செய்தார்கள்? யார்க்டன் நகரில் அவர்களை ஒரு கூடத்தில் அடைத்து, இரவில் விளக்கேற்றிக் கதவைத் திறந்து வைத்தார்களாம். கொசுக்கள் படையெடுத்து வந்தன. பொழுது விடிவதற்குள் எல்லாரும் ஆடை அணிந்துவிட்டார்கள் என்று ஒரு கதை சொல்லப்படுகிறது. பின்னர் பலருக்கு மூன்று மாதச் சிறை கிடைத்தது.

காலம் செல்லச் செல்லக் கதை கசப்பாயிற்று. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியே தீர வேண்டும் என்று மாநில அரசு வற்புறுத்தியது. 1923ஆம் ஆண்டு முதல் பள்ளிக்கூடங்கள் தீக்கிரையாகின. தீ வைப்பது கொடிய குற்றம் என்பதில் ஐயமில்லை. ஆனால் இருளில் தீ வைத்தவரைக் கண்டுபிடிப்பது கடினம். பகலில் ஆடையின்றி நின்றவரைப் பிடிப்பது எளிது. 1931ஆம் ஆண்டு நாடாளுமன்றம் குற்றவியல் சட்டத்தைத் திருத்தியது. ஆடையின்றி ஊர்வலம் போனால் மூன்றாண்டுச் சிறை என்றாயிற்று. அடுத்த ஆண்டே 600-க்கும் மேற்பட்டோர் பியர்ஸ் தீவில் இதற்கென்றே அமைத்த முகாமில் அடைக்கப்பட்டார்கள். அவர்களுடைய பிள்ளைகள் 300-க்கும் மேற்பட்டோர் அநாதை இல்லங்களுக்கும் பிறர் வீடுகளுக்கும் அனுப்பப்பட்டனர்.

போராட்டம் ஓய்ந்ததா? இல்லை. 1953ஆம் ஆண்டு பெரி சைடிங் என்னும் இடத்தில் கூடாரமடித்திருந்தவர்கள் ஒரு பள்ளியருகே ஆடையின்றி நடந்தனர். 140-க்கும் மேற்பட்ட பெரியவர்கள் கைதாயினர். பிள்ளைகள் பேருந்தில் ஏற்றப்பட்டு நியூ டென்வர் ஊரிலிருந்த பழைய நோயாளர் விடுதிக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். 1959 வரை சுமார் 200 பிள்ளைகள் இவ்வாறு பிரித்து வைக்கப்பட்டனர். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பெற்றோர் வந்து பார்க்கலாம். பின்னர் கம்பிவேலியும் எழுந்தது. தாயும் பிள்ளையும் அந்தக் கம்பிக்கு இப்புறமும் அப்புறமும் நின்று முத்தமிட்டுக் கொண்டார்கள்.

பெற்றோர் ஆடை களைந்தார்கள். அந்தப் பிள்ளைகள் செய்த குற்றம் என்ன? அவர்கள் மூப்படைந்த பிறகும் இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 2024ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் பிரிட்டிஷ் கொலம்பியா அரசு அவர்களிடம் முறைப்படி மன்னிப்புக் கேட்டு, ஒரு கோடி டாலரும் ஒதுக்கியது. அதைக் காணாமலே கண்மூடியவர்கள் பலர்.

கனடாவில் இன்றும் பொது இடத்தில் தக்க காரணமின்றி ஆடையில்லாமல் இருப்பது குற்றமே. ஆனால் அது சிறு குற்றங்களின் வரிசைக்கு இறங்கிவிட்டது. தலைமைச் சட்ட அதிகாரியின் ஒப்புதல் இல்லாமல் எவர் மீதும் அந்த வழக்கைத் தொடுக்க முடியாது. சினங்கொண்ட ஊராரோ, அவசரப்பட்ட காவலரோ ஒருவரை நேரே கூண்டில் ஏற்றிவிடாதபடி போட்ட கடிவாளம் அது.

நேயர்களே, இந்த வரலாறு நமக்கு என்ன சொல்கிறது? ஆடையின்றி ஒருவர் தெருவில் நின்றால், அவர் மனநோயாளியாக இருக்கலாம், குடித்தவராக இருக்கலாம், விளையாட்டுப் புத்தியால் வந்தவராகவோ, ஒரு கொள்கைக்காகப் போராடுபவராகவோ இருக்கலாம், பிறரை அச்சுறுத்தவே வந்த தீயவராகவும் இருக்கலாம். ஐவருக்கும் ஒரே மருந்து பொருந்தாது. முதலில் ஒரு போர்வை கொடுத்து, பிறகு இவர் யார், ஏன் இப்படி நின்றார், யாருக்கு என்ன தீங்கு விளைந்தது என்று விசாரிப்பதே நல்ல காவலருக்கு அழகு.

தீ வைத்தவரைத் தீ வைத்ததற்காகத் தண்டிக்கட்டும். ஆடை களைந்தவரை அதற்குரிய அளவோடு தண்டிக்கட்டும். ஒன்றின் மேல் உள்ள கோபத்தை மற்றொன்றின் மேல் காட்டினால், அந்தச் சுமை கடைசியில் பிள்ளைகளின் தோளில் இறங்குகிறது. நியூ டென்வரின் கம்பிவேலி நமக்கு உணர்த்துவது அதுவே.