மன்னிப்பு யாரை நோக்கிக் கேட்கப்பட்டது?

யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதற்காக இலங்கையின் பிரதமர் ஒருவர் மன்னிப்புக் கேட்க 35 ஆண்டுகள் சென்றன. மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலுக்கு நான்கு நாட்களே இருக்க, 1981 மே 31 இரவு பொலிஸாரின் வெறியாட்டம் தொடங்கியது. ஈழநாடு பத்திரிகை அலுவலகமும் யாழ்ப்பாணப் பாராளுமன்ற உறுப்பினரின் வீடும் நூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்களும் எரிந்தன. ஐக்கிய தேசியக் கட்சி அரசின் மூத்த அமைச்சர்கள் இருவர் அந்நாட்களில் யாழ்ப்பாணத்திலேயே தங்கியிருந்தார்கள். ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. 1991இல் ஜனாதிபதி பிரேமதாச உண்மையைத் தொட்டுப் பேசினார்; ஆனால் தமக்கு எதிராகக் கிளம்பிய சொந்தக் கட்சிக்காரரைத் தாக்கவே அந்தக் குற்றத்தை எடுத்தார். 2016 டிசம்பரில் பாராளுமன்றத்தில் அப்போதைய பிரதமர் ரணில் விக்கிரமசிங்க வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். நூலகம் எரிந்தபோது கல்வி அமைச்சராக இருந்தவர் அவர் என்பதால் அந்த வார்த்தைகளுக்குக் கனம் உண்டு. ஆயினும் அவையும் எதிரணியினருக்குப் பதில் சொல்லும்போதுதான் வந்தன. இரண்டு தடவையும் பேசியவரின் முகம் அரசியல் எதிரியை நோக்கியே இருந்தது. நூலகத்தை இழந்தவர்கள் அந்தப் பேச்சில் வெறும் சாட்சிகளானார்கள். மன்னிப்பின் பெறுமதியை அது யாரை நோக்கிச் சொல்லப்பட்டது, அதன்பின் என்ன செய்யப்பட்டது என்பவற்றைக் கொண்டே அளக்க வேண்டும்.

மௌனத்தைவிட அரைகுறை வருத்தமாவது மேல் அல்லவா என்று கேட்கலாம். மேல்தான், பாராளுமன்றப் பதிவேடான ஹன்சாட்டில் ஏறிய சொல்லைப் பின்னால் வருபவர்கள் எளிதில் மறுக்க முடியாது. ஆனால் அதைவிட நல்ல முன்மாதிரி ஏற்கெனவே இந்த நாட்டில் இருந்தது. 1981 முதல் 1984 வரையான இனவன்முறைகளை விசாரிக்க ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க ஆணைக்குழு அமைத்தார். 2004 ஜூலையில் 1983 கலவரத்துக்காக அரசின் பெயரால் மன்னிப்புக் கேட்டார்; பாதிக்கப்பட்டோர் சிலருக்கு நட்டஈடும் வழங்கப்பட்டது. குற்றவாளிகள் நீதிமன்றம் ஏறாதது அதன் பெரும் குறை. இருந்தும் விசாரணை, ஒப்புதல், ஈடு என்ற ஒழுங்கு அங்கே தெரிந்தது.

இதே அளவுகோலைத் தமிழர்களான எங்கள் பக்கத்துக்கும் வைக்காவிட்டால் மற்றவரிடம் நியாயம் கேட்க எங்களுக்கு வாயில்லை. 1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாண முஸ்லிம்களை ஒஸ்மானியா கல்லூரிப் பக்கம் கூட்டிய விடுதலைப் புலிகள், இரண்டே மணித்தியாலத்தில் ஊரைவிட்டுப் போகச் சொன்னார்கள். அவர்கள் வாழ்ந்த சோனகத் தெரு வெறிச்சோடியது. வடக்கு முழுவதிலுமிருந்து துரத்தப்பட்ட பல்லாயிரக்கணக்கானோர் புத்தளத்தில் முகாம்களில் ஒதுங்கினார்கள். 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் புலிகளின் அரசியல் ஆலோசகர் அன்ரன் பாலசிங்கம் அதற்கு வருத்தம் தெரிவித்தார். சில நாட்களில் புலிகளின் தலைவர் பிரபாகரனும் முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் ரவூப் ஹக்கீமும் செய்த உடன்பாடு முஸ்லிம்கள் திரும்பி வரலாம் என்றது. பேச்சு முஸ்லிம் தலைமையோடு நடந்தது என்பதால் அது மற்ற மன்னிப்புகளைவிட ஒரு படி முன்னே நின்றது. ஆனால் இடிந்த வீடுகளும் கைமாறிய காணிகளும் அப்படியே கிடந்தபடியால் மீள்வு மிக மெதுவாகவே நடந்தது.

அந்த வெளியேற்றத்தைச் செய்தது ஆயுத இயக்கம், மக்கள் அல்லர். பன்மடங்கு இழந்த நாங்கள் ஏன் தலைகுனிய வேண்டும் என்று இங்கே கேட்கிறார்கள். வெளியேற்றத்தை இனச் சுத்திகரிப்பு என்று தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் எம்.ஏ. சுமந்திரன் சொன்னபோது சொந்தத் தரப்பிலிருந்தே கண்டனம் எழுந்தது. எங்கள் இழப்பு பெரிது என்பதில் ஐயமில்லை. அதனால் இன்னொருவரின் இழப்பு சிறிதாகாது. மக்கள் முடிவெடுக்கவில்லை என்பதும் உண்மையே. ஆனால் 1981இல் சிங்கள மக்களும் முடிவெடுக்கவில்லை. அவர்கள் பெயரால் ஆண்டவர்களிடம் நாங்கள் பொறுப்புக் கேட்கிறோம். எங்கள் பெயரால் நடந்ததற்கும் அதே நியாயம் பொருந்த வேண்டும். யாழ்ப்பாணத்தின் இன்றைய தலைவர்கள் திரும்பி வந்த முஸ்லிம் குடும்பங்கள் முன்னால் நின்று 1990ஐப் பெயர் சொல்லி ஒப்புக்கொள்ளட்டும். அவர்களுடைய காணி உறுதிகளையும் வீட்டுத் திட்டத்தையும் தங்கள் பொறுப்பாக ஏற்கட்டும். அதன்பின் நூலகத்துக்காக நாங்கள் கேட்கும் நீதியை எவராலும் எளிதில் தட்டிக்கழிக்க முடியாது.